பைய எடுத்து வைங்க, மாப்பிள்ள

காப்பியை முதலில் குடித்துவிடுங்கள் தம்பி, ஆறினால் ஆடை படிந்துவிடும். என் தங்கை வேணி போட்டது. சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இந்த இருபத்தாறு நாளாக அவளுக்கு எதிலும் அளவு பிடிபடுவதில்லை. நீங்கள் முகம் சுளிக்காமல் குடிக்கிறீர்கள், நல்ல பிள்ளை. அட்டையில் வன்னியராஜ் என்று போட்டிருக்கிறது. வள்ளியூர்ப் பக்கமா? பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

கார் இன்சூரன்ஸ் சர்வேயர் என்று ஒரு உத்தியோகம் இருப்பது எனக்குத் தெரியும். நான் பாளையங்கோட்டையில் கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்தவள். உங்களைப் போன்றவர்கள் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியங்களை நான் அடித்திருக்கிறேன். ஒப்புதல் வாக்குமூலங்களும் நிறைய அடித்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஒரே தவறைச் செய்வார்கள். எடுத்த எடுப்பில் அழுவார்கள். அழுதால் தேதி குழம்பும், தேதி குழம்பினால் எங்களுக்கு இரண்டு தடவை வேலை.

உங்கள் மடியில் இருக்கிற படிவத்தை நான் படித்துவிட்டேன். தலைகீழாகப் படிப்பது கோர்ட்டில் வந்த பழக்கம், தப்பாக நினைக்காதீர்கள். 'காரின் சார்ஜ் வாய் கருகியதற்குக் காரணம்: உரிமையாளர் திரு. செல்வமணி தமது அடாப்டரை எடுத்துச் செல்லத் தவறி, பொருந்தாத அடாப்டரைப் பயன்படுத்தினார். கவனக்குறைவு' என்று பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை பென்சில். அதை அழித்துவிடுங்கள். கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். அன்றைக்கு நடந்ததில் கவனக்குறைவாக நடந்தது ஒன்றுகூட இல்லை. பொய்யான ஆவணத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

உள்ளே கிரைண்டர் ஓடுகிறது, கேட்கிறதா? வேணி மாவு ஆட்டுகிறாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு நாம் பேசுவது கேட்காது. நாம் நிதானமாகவே பேசலாம்.

எங்கள் அம்மா போனபோது வேணிக்குப் பதினைந்து வயது, எனக்கு இருபத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அன்றிலிருந்து நான்தான் அவளை வளர்த்தேன். மருந்தாளுநர் படிப்புப் படிக்கவைத்தேன். பெருமாள்புரம் மெயின் ரோட்டு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. எனக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். நன்றாகத்தான் இருந்தோம்.

செல்வமணி அந்த மருந்துக்கடைக்கு வந்தவர்தான். சென்னை பெரம்பூர்க்காரர். மாற்றலாகி இங்கே ஒரு அரசு அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் ஊர் அல்வாவையும் சொதியையும் மூன்று வேளையும் சாப்பிட்டு, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தார். முதல் வாரம் மாத்திரை வாங்கினார். இரண்டாவது வாரமும் வாங்கினார். நெஞ்செரிச்சல் நின்ற பிறகும் வாங்கினார். நாற்பத்தேழு வயது மனிதர் கையில் ஜெலுசில் பாட்டிலோடு நின்று காதலித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நல்ல மனிதர் தம்பி. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதை உங்கள் படிவத்தில் எங்கேயாவது எழுத முடிந்தால் எழுதுங்கள்.

அந்த மின்சாரக் காரை அவர் தம் அலுவலகத்தில் கழித்துக்கட்டியபோது ஏலத்தில் எடுத்தார். உங்களுக்குத் தெரியாததா. அதன் சார்ஜ் வாய் பழைய மாடல். இப்போது ரோட்டோரம் வைத்திருக்கிற வேகச் சார்ஜர்களின் வயர் முனையில் இருக்கிற பிடி, அதைக் கன் என்கிறார்கள், எல்லாம் புதிய மாடல். அது இதற்குள் போகாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். கனமான பொருள், ஒரு சின்ன ஆட்டுக்கல் குழவி அளவு இருக்கும். அவர் அதை ஒரு கறுப்புப் பையில் போட்டு டிக்கியில் வைத்திருப்பார். ஆயுத பூஜைக்கு வேணி அதற்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தாள். கூடவே ஒரு கையேடு வந்தது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது எங்கள் மூன்று பேரில் நான் ஒருத்திதான். அச்சுப்பிழை நிறைய.

இப்போது 'பைய' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வள்ளியூர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மேலதிகாரி சென்னையில் இருப்பார் அல்லவா, அவருக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் பைய என்றால் மெதுவாக.

செல்வமணி முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டியிருந்தது. அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது என்று போன் செய்தார். வேணி, "ஒண்ணும் அவசரமில்ல, பைய வாங்க" என்றாள். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் பஸ் சத்தத்துக்கு நடுவே நின்று அதைக் கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு பெரிய துணிப்பைகளோடு வந்து நின்றார்.

"எந்த சைஸ்னு சொல்லலீங்க. அதான் ரெண்டுமே வாங்கிட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. வேணிக்கு உடனே புரிந்துவிட்டது. இன்னொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். அவள் சிரிக்கவில்லை. "ஆமா, பைதான் கேட்டேன். ரெண்டும் நல்லாருக்கு" என்று வாங்கி உள்ளே வைத்தாள். அடுப்படிக்கு வந்துதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அக்கா, அவுகட்ட சொல்லிராத. சங்கடப்படுவாவ" என்றாள். நானும் சொல்லவில்லை. அவரும் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. நம் ஊர்க்காரர்கள் வெளியூர் ஆளைக் கண்டால் பேச்சை இஸ்திரி போட்டுக்கொள்வார்கள், அவர் காதில் அந்தச் சொல் எங்கிருந்து விழும்? அதன் பிறகு பத்து மாதமும் அந்தப் பைகளில்தான் வேணி காய்கறி வாங்கினாள்.

அன்றைக்கு அடுப்படியில் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு முதலில் பயம் வந்தது. ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். யோசித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அதற்கு முன்னாலும் அவளுக்கு வரன்கள் வந்ததுண்டு. அது உங்கள் விசாரணையில் வராது, இருந்தாலும் முழுமைக்காகச் சொல்கிறேன். ஜாதகத்தைத் தரகர்களுக்குக் கொடுக்க நகல் வேண்டும். வீட்டிலேயே தட்டச்சர் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? நான்தான் அடித்தேன். வேணியின் ஜாதகத்தில் செவ்வாய் ஆறாம் இடத்தில் இருக்கிறது, ஒரு தொந்தரவும் கிடையாது. நான் அதை ஒரு கட்டம் தள்ளி ஏழில் அடித்துவிட்டேன். ஏழில் செவ்வாய் இருந்தால் தோஷம், கட்டிக்கொள்கிறவனுக்கு ஆகாது என்பார்கள். முப்பத்தொரு வருடத் தட்டச்சில் நான் விட்ட ஒரே பிழை அதுதான். பதினெட்டு நகலிலும் அதே இடத்தில் விழுந்தது. அம்மா எழுதிவைத்த மூல ஜாதகத்தைக் கறையான் அரித்துவிட்டது என்று வேணியிடம் சொன்னேன். கறையான் அரிக்கக்கூடிய இடத்தில்தான் வைத்தும் இருந்தேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டேன்.

வரன்கள் தாமாகவே நின்றுபோயின. நான் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வைத்தீஸ்வரன் கோவில் வரை போய்ப் பரிகாரமும் செய்தேன்.

செல்வமணிக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. வேணி பயந்து பயந்து தோஷத்தைச் சொன்னபோது, "செவ்வாய் அவ்ளோ தூரத்துல இருக்குதுங்க. அதுக்கு நம்ம அட்ரஸ் எப்படித் தெரியும்?" என்றாராம். இந்த மாதிரி ஆளுக்கு நான் என்னத்தைத் தட்டச்சு செய்வது?

பாபநாசம் கோவிலில் கல்யாணம். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது. அதை விட்டால் ஆடி. ஆடி முடிவதற்குள் அவர் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விடுவார். வேணியும் அங்கேயே வேலை பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. 'அக்கா, நீயும் எங்ககூட வந்துரு' என்று இரண்டு பேரும் சொன்னார்கள். சொன்னார்கள்தான். பெரம்பூரில் எனக்கு யாரைத் தெரியும்?

பெரிய கூட்டம் இல்லை. அவருடைய நண்பர்கள் நாலு பேரும் எங்கள் உறவில் பத்துப் பேரும் நேராகக் கோவிலுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. எங்களை அவர் தம் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் மோட்டாருக்காகப் போட்ட பெரிய பிளக் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காரைக் கொண்டுவந்து அதில் போட்டுவிட்டு, நண்பரின் பைக்கில் போனார். விடியும்வரை ஏறினால் நிறைந்துவிடும் என்றார். ஏழு மணிச் செய்தி முடிந்ததும் நான் போய் சுவிட்சை அணைத்தேன். காலையில் அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு திரும்பவும் போட்டேன்.

காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, இருபத்தி ரெண்டுதான் காட்டுது?" என்றார்.

"ராத்திரி கரண்டு போயிட்டு" என்றேன். கரண்டு போனது உண்மை. போக்கியது யார் என்று அவர் கேட்கவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் குதித்திருப்பார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பரவால்லக்கா. சேரன்மகாதேவி தாண்டி ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு. அதுவரைக்கும் போயிடும். அரை மணி நேரம் போட்டா ஜம்முனு பாபநாசம். அடாப்டர்தான் பையில இருக்கே" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. சில மனிதர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்துவிடுகிறது.

அந்த நிமிடம் வரை என்னிடம் வேறு யோசனை இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் குத்துவிளக்கைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு டிக்கி பக்கம் வந்தார். உள்ளே என் பெட்டி, தேங்காய்க் கூடை, பாத்திரக் கட்டு, அந்தக் கறுப்புப் பை. விளக்கை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றார். வேணி வீட்டுக்குள் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் பழத்தட்டும் கையுமாக நின்றேன். அவரை அதுவரை தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு முதல் தடவையாக மாப்பிள்ள என்றேன்.

"பைய எடுத்து அங்கன வைங்க, மாப்பிள்ள."

மாப்பிள்ள என்று நான் கூப்பிட்டதில் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. விளக்கைக் கீழே வைத்தார். பையை எடுத்து வாசல்படியில் வைத்தார். பை இருந்த இடத்தில் விளக்கைப் படுக்கவைத்து டிக்கியை மூடினார்.

நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கை மெதுவாக வைக்கச் சொன்னதாக எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். திருநெல்வேலியில் நிச்சயமாக நிற்கும். அவர் வண்டியில் ஏறியதும், பை தெருவாசலில் கிடந்தால் யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்று அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன். இதோ, உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். தூக்கிப் பாருங்கள், நல்ல கனம்.

ஆறரை மணிக்கெல்லாம் சார்ஜரிடம் போய்விட்டோம். ஒரு ஹோட்டல் வாசலில் இருக்கிறது. பக்கத்தில் பங்ச்சர் கடை வைத்திருக்கிற சங்கிலிபூதத்தான் என்பவர்தான் அதையும் பார்த்துக்கொள்கிறார். செல்வமணி டிக்கியைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். வேணி இறங்கிப் போய், "என்ன தேடுதிய?" என்றாள்.

"பை... அக்காதான் பையை எடுத்து வைக்கச் சொன்னாங்க. வச்சிட்டு வந்துட்டேன்."

வேணி என்னைப் பார்த்தாள். நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, விளக்க பைய வைங்கன்னுல்லா சொன்னேன்" என்றேன். வேணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "என் தப்புதான்க்கா. அன்னைக்கே அவுகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றாள். என்னை அவள் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அப்படித்தான் நான் அவளை வளர்த்திருக்கிறேன்.

சங்கிலிபூதத்தான் நல்ல உள்ளம். கல்யாணப் பெண்ணைப் பார்த்ததும் பதறிப்போய், கடைக்குள் துழாவி ஒரு அடாப்டரைக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, இது ஒரு ஆளு விட்டுட்டுப் போனது. கொஞ்சம் லூசா நிக்கும். லாக்கும் சரியா விழாது. ரொம்ப நேரம் போடாதிய" என்றார்.

"அக்கா, பேசாம ஒரு கார் புடிச்சுப் போயிருவோமே" என்றாள் வேணி.

அப்படிப் போயிருந்தால் ஏழே முக்காலுக்குள் பாபநாசம். நான், "கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ள வண்டிய ரோட்டுல விட்டுட்டுப் போனா பாக்கவன் என்ன சொல்லுவான்? இந்தா, ஏறுதுல்லா" என்றேன். ஒன்பது என்று காட்டியது. பிறகு பதினொன்று. செல்வமணிக்கும் அந்த வண்டியை விட்டுவிட்டு வர மனமில்லை. ஆண்களிடம் வண்டியைப் பற்றிப் பேசினால் போதும், வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. அடாப்டர் பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை. சங்கிலிபூதத்தான் ஹோட்டலுக்குள் டீ வாங்கப் போயிருந்தார். செல்வமணி ஓடினார்.

கையேட்டில் பதினொன்றாம் பக்கம். 'சூடு ஏறினால் முதலில் சார்ஜர் பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மின்சாரத்தை நிறுத்தவும். அதற்கு முன் கன்னைப் பிடித்து இழுக்கக் கூடாது.' தடித்த எழுத்தில் இருக்கும். நான் அந்தச் சிவப்புப் பொத்தானிலிருந்து மூன்றடி தூரத்தில் நின்றேன். அவர் குனிந்து கன்னில் கை வைத்தபோது, 'இழுக்காதிய' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அதிகமாகவே இருந்தது. கையில் பழத்தட்டு இருந்தது, அதைக் கீழே வைக்க ஈரமில்லாத இடம் தேடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டு காரின் பின்சீட்டில் இருந்தது.

வெல்டிங் பட்டறையில் தெறிக்குமே, அப்படி ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். வலது உள்ளங்கையும் இரண்டு விரல்களும் வெந்துவிட்டன. அவர் கத்தக்கூட இல்லை. வேணிதான் கத்தினாள்.

கிரைண்டர் நின்றுவிட்டது. மாவு அரைபட்டிருக்கும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிடுகிறேன்.

சேரன்மகாதேவி ஆஸ்பத்திரியில் நல்ல கவனிப்பு. எட்டு மணிக்கு முன்னாலேயே மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது. அப்படியும், "இப்ப ஒரு கார் புடிச்சா எட்டே முக்காலுக்குப் போயிடலாம். இடது கையால தாலி கட்டிடுறேன், முடிச்ச நீங்க போட்டுடுங்கக்கா. ஒண்ணும் ஆகாது வேணி" என்று சிரித்தார்.

நான் தடுக்கவில்லை. "இடது கையாலயா?" என்று மட்டும் கேட்டேன். ஒரே ஒரு கேள்வி.

வேணி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவை தரையில் புரண்டது. அவர் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "செவ்வா நெருப்புதானக்கா? நெருப்பாலயே ஆயிட்டு. என்னாலதான். தாலி கட்டுறதுக்கு முன்னாடியே இப்படின்னா, கட்டினா அவுக உசுருக்கு ஆயிரும். வேண்டாம்க்கா" என்றாள்.

செவ்வாய் ஆறில்தான் இருக்கிறது, அம்மா எழுதின மூல ஜாதகம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு தட்டச்சுப் பிழை, வேறொன்றுமில்லை, எழுந்திரு என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது மணி ஆக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு தடவிக்கொடுத்தேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சாய்ந்துகொள்வாள். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு சாய்ந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவள் கேட்கவில்லை. கையில் கட்டோடும் மாற்றல் உத்தரவோடும் சென்னையில் தம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போன பிறகும் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்தார். போன் அடிக்கும்போதெல்லாம் வேணி சாப்பாட்டை விட்டு எழுந்து போனாள். எடுக்கவும் மாட்டாள், வைக்கவும் மாட்டாள், அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். உடம்பு என்னத்துக்கு ஆகும்? மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய எண் வராதபடி அவள் போனில் தடுத்துவைத்தேன். எல்லாம் தமிழிலேயே இருக்கிறது, ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு வாரம் கழித்து வேணி, "அவுக மறந்துட்டாவ போலக்கா" என்றாள். "ஆம்பளைகதானே" என்றேன். அன்றிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். பேச்சுத்தான் குறைந்துவிட்டது. பேசித்தான் ஆக வேண்டும் என்று என்ன இருக்கிறது? ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பேச்சு அவ்வளவு தேவைப்படாது.

ஆகவே கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, 'பெண்ணின் அக்காள் கோமதியால் வேண்டுமென்றே செய்யப்பட்டது' என்று எழுதுங்கள். கோமு என்று எழுதாதீர்கள், அது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அவருடைய காருக்கு வரவேண்டியது வரட்டும், அவர் நல்ல மனிதர். கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு தங்கையை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டதற்கு மேல் நான் ஒன்றும் செய்துவிடவில்லை, அதையும் ஒரு வரி சேர்த்தால் நன்றாயிருக்கும்.

உள்ளே யாரிடமோ பேசுகிறாள், கேட்கிறதா? போனில்தான். ஏதாவது மருந்துக் கம்பெனிக்காரனாக இருக்கும். நேரம் காலம் தெரியாமல் கூப்பிடுவான்கள். அழுகிற மாதிரி கேட்கிறதா? இல்லை தம்பி, ஆடிக் காற்றுக்கு அவளுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

இதோ வந்துவிட்டாள். ஏட்டி வேணி, கையெல்லாம் மாவு, துடைச்சுட்டு வரக்கூடாதா? அது என் பீரோச் சாவியில்லா, அத ஏன் மேசையில வச்சுட்டு நிக்க? அந்த மஞ்சக் காயிதம் என்னது? அம்மா எழுதின ஜாதகமா? சரி, சரி, பைக்குள்ள பத்திரமா வை, கசங்கிரும்.

உங்களிடம்தான் ஏதோ கேட்கிறாள் தம்பி.

"சார், ஜங்ஷன் வழியாத்தானே போறிய? என்னைய ஸ்டேஷன்ல எறக்கி விட்டுருதியளா?"

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஸ்டேஷன் பக்கம்தான் இவள் வழக்கமாக மாத்திரை மொத்தமாக வாங்கும் கடை இருக்கிறது. பெரிய பெட்டி எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள்? ஆடித் தள்ளுபடி நேரம், துணிமணி எடுப்பாள், வைத்துக்கொண்டு வர இடம் வேண்டாமா? என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு மாட்டுகிறாள் என்று நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள், அவசரத்தில் அவள் எப்போதும் அப்படித்தான். தூரமாகப் போகிறவர்கள்தான் தம்பி, நின்று, போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள்.